கோப்பில் இல்லாத வண்ணங்கள்: எடிட்டர், தீம், எழுத்துரு பற்றி ஓர் எளிய அறிமுகம்

நிரல் எழுதக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவர் முதல் வாரத்திலேயே மூன்று கேள்விகளைச் சந்திக்கிறார். நிரலைத் தட்டச்சு செய்யும் மென்பொருளான எடிட்டர்களில் எதைப் பயன்படுத்துவது, அதன் வண்ண அமைப்பான தீம்களில் எதை வைத்துக்கொள்வது, எந்த எழுத்துரு நல்லது? அனுபவமுள்ள நிரலாளர்கள் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விடைகள் கிடைக்கும். ஒவ்வொருவரும் தம் விடையை உறுதியாக நம்பியே சொல்வார்கள். ஆனால் இந்த மூன்றும் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பதைப் புதியவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவது அரிது. அது புரியாமல் பிறர் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்வது, இன்னொருவருக்குச் செய்த மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதைப் போன்றது. புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான்: திரையில் தெரியும் வண்ணமும் எழுத்தின் வடிவமும் உங்கள் கோப்பில் இல்லை.

கீழே உள்ள வரியைப் பாருங்கள். பைத்தான் மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இது உண்மையான நிரல் வரிதான்.

மொத்தம் = விலை + 10  # வரி இன்னும் சேர்க்கவில்லை

இந்த வரியை ஒரு நிரல் எடிட்டரில் திறந்தால், 10 என்ற எண் ஒரு நிறத்திலும், கூட்டல் குறி வேறொரு நிறத்திலும், # குறியில் தொடங்கும் குறிப்பு மங்கிய சாம்பல் நிறத்திலும் தெரியும். அதே கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்தால் எல்லா எழுத்துகளும் ஒரே நிறத்தில் இருக்கும். கோப்பு மாறவில்லை, அதில் இருப்பவை வெறும் எண்கள் மட்டுமே. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் ‘ம’ என்ற எழுத்தின் எண் 2990. அந்த எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று சிறு எண்களாக, சேமிக்கப்படுகிறது. 10 என்பதில் உள்ள 1, 0 என்ற இரு குறிகளும் 49, 48 என்ற இரண்டு பைட்டுகள். இவற்றில் எந்த இடத்திலும் நிறம் பற்றியோ எழுத்துரு பற்றியோ ஒரு சொல்லும் கிடையாது. இப்படிப்பட்ட கோப்பை எளிய உரைக் கோப்பு என்கிறோம்.

வேர்ட் போன்ற சொற்செயலிகள் இதற்கு நேர்மாறானவை. அங்கே எழுத்துருவின் பெயர், அளவு, நிறம் ஆகியவை ஆவணத்தின் பகுதியாகவே கோப்புக்குள் எழுதப்படுகின்றன. போதாக்குறைக்கு, நீங்கள் தட்டச்சு செய்த நேர் மேற்கோள் குறியைச் சொற்செயலி தானாகவே வளைந்த மேற்கோள் குறியாக மாற்றிவிடும். அச்சில் அது அழகாக இருக்கும்; ஆனால் பைத்தானுக்கு வளைந்த மேற்கோள் குறி முற்றிலும் வேறான ஓர் எழுத்து என்பதால் நிரல் இயங்காமல் நின்றுவிடும். நிரலைச் சொற்செயலியில் எழுதக் கூடாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எடிட்டர் உள்ளே செய்யும் வேலை

எடிட்டர் ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் உள்ளடக்கத்தை நினைவகத்தில் பிரதி எடுத்துக்கொள்கிறது. இந்தப் பிரதியை பஃபர் என்பார்கள். நாம் சேர்ப்பதும் அழிப்பதும் பஃபரில்தான் நடக்கின்றன. சேமிக்கும் கட்டளையைக் கொடுக்கும்போதுதான் அவை வட்டில் உள்ள கோப்புக்குப் போகின்றன. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்குள் ஓர் அழகான சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஐம்பதாயிரம் வரிகள் கொண்ட கோப்பின் தொடக்கத்தில் நீங்கள் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எழுத்துகளும் ஓரிடம் தள்ளி நகர வேண்டும். ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் இப்படி லட்சக்கணக்கான எழுத்துகளை நகர்த்திக்கொண்டிருந்தால் தட்டச்சு தடுமாறும்.

ஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டர் இதற்குக் கையாளும் வழியை நான் முதன்முதலில் படித்தபோது மிகவும் ரசித்தேன். ஒரு நீண்ட பெஞ்சில் பலர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஓரிடத்தில் மட்டும் சில இருக்கைகள் காலியாக விடப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் யாரையும் நகரச் சொல்லாமல் அந்தக் காலியிடத்தில் வரிசையாக அமரலாம். ஈமேக்ஸ் அந்தக் காலியிடத்தை எப்போதும் நீங்கள் திருத்தும் இடத்திலேயே வைத்துக்கொள்ளும். நீங்கள் வேறிடத்துக்குப் போய்த் திருத்தத் தொடங்கினால் காலியிடத்தையும் அங்கே கொண்டுபோகும். மனிதர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதுகிறார்கள் என்ற எளிய கவனிப்பின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு இது. விஎஸ் கோட் என்ற எடிட்டர் 2018-இல் வேறொரு முறைக்கு மாறியது. அதில் முதலில் படித்த உரையை எடிட்டர் தொடுவதே இல்லை. நீங்கள் புதிதாக எழுதுபவை தனி இடத்தில் சேர்கின்றன. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வர வேண்டும் என்ற பட்டியல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பல பழக்கங்கள் பழைய கருவிகளின் போதாமைகளிலிருந்து பிறந்தவை. கென் தாம்சன் 1969-இல் எழுதிய ‘எட்’ என்ற எடிட்டரில் கோப்பு திரையில் தெரியாது. ஒரு வரியைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். பிழை நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அது அச்சிடும். பில் ஜாய் 1976-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ‘விஐ’ எடிட்டரை உருவாக்கத் தொடங்கியபோது, கோப்பை முழுத் திரையில் காட்டுவதே பெரிய முன்னேற்றமாக இருந்தது. தொலைபேசி இணைப்பு வழியாக விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் மட்டுமே வந்து சேர்ந்த காலம் அது. 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட திரையை முழுவதும் நிரப்ப 1,920 எழுத்துகள் தேவை. அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல். அந்த நிலையில், மிகக் குறைந்த விசைகளில் மிகப் பெரிய வேலையைச் செய்துமுடிக்கும் கட்டளைகள் பிறந்ததில் வியப்பில்லை.

விஐ எடிட்டரைத் தொடும் புதியவர்கள் திகைத்துப்போவது அதன் நிலைகளால். ஒரு நிலையில் விசைகள் எழுத்துகளைச் சேர்க்கும். இன்னொரு நிலையில் அதே விசைகள் வரியை அழிக்கும், சொல்லைத் தாண்டும், கர்சரை நகர்த்தும். கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளை அது பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தின் (தொலைவிலுள்ள கணினியோடு இணையும் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட ‘விம்’ இந்த மரபை வளர்த்தெடுத்தது. 2014-இல் தொடங்கிய ‘நியோவிம்’ அதைத் தொடர்கிறது. மறுபுறம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1976-இல் பிறந்த ஈமேக்ஸ், எடிட்டரையே அதன் பயனர் தம் விருப்பப்படி நிரல் எழுதி மாற்றியமைக்கலாம் என்ற கொள்கையை முன்வைத்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன், குனூ என்ற தம் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதிய அதன் வடிவத்தை 1985-இல் வெளியிட்டார். இந்த இரு முகாம்களுக்கும் இடையிலான பூசல் இன்றுவரை ஓயவில்லை. இரண்டிலும் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஆனால் நிரலாக்கத்தையும் விம்மையும் ஒரே வாரத்தில் கற்கத் தொடங்குவது தேவையற்ற சுமை என்பது என் கருத்து.

இன்று பெரும்பாலோர் தொடங்குவது விஎஸ் கோட் எடிட்டரில். மைக்ரோசாஃப்ட் 2015 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய இதை, நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 73 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிரலாளர்கள் பயன்படுத்துவதாகத் தெரிவித்தார்கள். அதன் வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, 2016-இல் அது முன்வைத்த மொழிச் சேவையக நெறிமுறை. அதற்கு முன்பு, ஒரு மாறியின் பெயரைப் பாதி தட்டியதும் மீதியை எடிட்டர் ஊகித்துச் சொல்ல வேண்டும் என்றால், ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் அந்த அறிவைத் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. பத்து எடிட்டர்களும் இருபது மொழிகளும் இருந்தால் இருநூறு முறை. புதிய ஏற்பாட்டில் மொழியை அறிந்த நிரல் தனியாக இயங்குகிறது. எடிட்டர் அதனிடம் ‘இந்த இடத்தில் என்ன வரலாம்’ என்று பொதுவான ஒரு முறையில் கேட்கிறது. இருநூறு முறை செய்ய வேண்டியிருந்த வேலை முப்பதாகச் சுருங்கிவிடுகிறது. விம், ஈமேக்ஸ் போன்ற பழைய எடிட்டர்களும் இதே நெறிமுறையை ஏற்றுக்கொண்டதால், எடிட்டர்களுக்கு இடையே முன்பிருந்த பெரிய இடைவெளி இன்று குறைந்துவிட்டது. எனவே, எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டீர்கள் என்று புதியவர்களுக்கு மனமாரச் சொல்லலாம்.

நிறம் எங்கிருந்து வருகிறது

கோப்பில் நிறம் இல்லை என்றால், 10 என்பது எண் என்றும் # குறிக்குப் பின்னால் வருவது குறிப்பு என்றும் எடிட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது? இதில் இரண்டு படிகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் தீம் என்பதன் பொருள் விளங்கிவிடும்.

முதல் படியில், எடிட்டர் உரையைப் படித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுகிறது: இது எண், இது குறிப்பு, இது சரம் (மேற்கோள் குறிகளுக்குள் வரும் உரை), இது மொழியின் தனிச்சொல் (if, for போன்றவை). 2004-இல் வெளிவந்த டெக்ஸ்ட்மேட் எடிட்டர் இதற்கென வகுத்த இலக்கண விதிகளின் அமைப்பைச் சப்லைம் டெக்ஸ்ட், ஆட்டம், விஎஸ் கோட் எனப் பின்வந்த பல எடிட்டர்கள் எடுத்துக்கொண்டன. அந்த விதிகள் எழுத்து வடிவங்களைத் தேடுபவை மட்டுமே. # குறியைக் கண்டால் வரியின் முடிவு வரை குறிப்பு என்று எழுதிவைத்துக்கொள்ளும், நிரலின் பொருள் அவற்றுக்குத் தெரியாது. ஆட்டம் எடிட்டருக்காக உருவான ட்ரீ-சிட்டர் என்ற கருவி ஒரு படி மேலே சென்று, நிரலின் முழு அமைப்பையும் ஒரு மரமாகப் பகுத்து வைத்துக்கொள்கிறது; நீங்கள் ஓர் எழுத்தை மாற்றும்போது மரத்தின் பாதிக்கப்பட்ட கிளையை மட்டும் திருத்திக்கொள்கிறது. ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. ட்ரீ-சிட்டர் நியோவிம்மிலும் ஈமேக்ஸிலும் செட் எடிட்டரிலும் வாழ்கிறது.

இரண்டாவது படிதான் தீம். எந்தப் பெயர்ச்சீட்டுக்கு எந்த நிறம் என்று சொல்லும் ஒரு பட்டியல்; அவ்வளவுதான். எடுத்துக்காட்டாக, ஜெனோ ரோச்சா 2013-இல் உருவாக்கிய டிராகுலா தீமின் பின்னணி நிறம், சிவப்பு 40, பச்சை 42, நீலம் 54 என்ற அளவுகளின் கலவை. தீமை மாற்றினால் இந்தப் பட்டியல் மட்டும் மாறுகிறது. பெயர்ச்சீட்டுகளும் மாறுவதில்லை, கோப்பும் மாறுவதில்லை. ஆகவே ஒரே கோப்பை நீங்கள் கருநிறத் தீமிலும் உங்கள் சக பணியாளர் வெண்ணிறத் தீமிலும் திறந்து, ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் வேலை செய்யலாம்.

நிறங்களின் பயன் அழகோடு நிற்பதில்லை. சி போன்ற மொழிகளில் /* என்று தொடங்கும் குறிப்பை */ என்று முடிக்க வேண்டும். முடிக்க மறந்த அந்தக் கணத்திலேயே, கீழே உள்ள நிரல் அடுத்த */ வரும் வரையிலோ, அப்படி ஒன்று வராவிட்டால் கோப்பின் கடைசி வரையிலோ சாம்பல் நிறமாகிவிடும். பிழைச் செய்தியைப் படித்துப் பொருள் கொள்வதற்கு முன்பே கண் அதைப் பிடித்துவிடுகிறது. மொழியின் தனிச்சொல்லை எழுத்துப் பிழையோடு தட்டினால் அது வழக்கமான நிறத்துக்கு மாறாமல் அப்படியே நிற்கும். பழகிய கண்ணுக்கு அது உடனே உறுத்தும். நாள்பட ஒரே தீமில் வேலை செய்வதன் நன்மையும் இதில்தான் இருக்கிறது. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பது நினைவில் ஆழப் பதிந்துவிட்டால், நிறம் தவறும் இடம் பிழை இருக்கும் இடமாகத் தெரியத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு தீம் மாற்றுபவர்கள் இந்தப் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

தீம்களில் எனக்கு மிகுந்த மதிப்புள்ளது ஈதன் ஷூனோவர் 2011-இல் வெளியிட்ட சோலரைஸ்டு. அதில் மொத்தம் 16 நிறங்கள். எட்டு பின்னணிக்கும் சாதாரண எழுத்துக்கும் உரிய அமைதியான நிறங்கள், எட்டு தனித்துக் காட்ட வேண்டியவற்றுக்கு உரியவை. வெளிச்ச அளவை மனிதக் கண் உணரும் விதத்தில் அளக்கும் ஒரு நிற அளவுமுறையை அடிப்படையாகக் கொண்டு அவர் இவற்றைத் தேர்ந்தார். கருநிற வடிவத்திலிருந்து வெளிர்நிற வடிவத்துக்கு மாறினாலும், பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்குமாறு அமைத்தார். விமர் ஹேசன்பெர்க் 2006-இல் உருவாக்கிய மோனோகாய் இதற்கு எதிர்த்துருவம்: கருமையான பின்னணியில் பளிச்சிடும் இளஞ்சிவப்பும் மஞ்சளும் பச்சையும். சப்லைம் டெக்ஸ்ட் 2 அதைத் தன் இயல்பான தீமாக வைத்துக்கொண்ட பிறகு, ஒரு தலைமுறை நிரலாளர்களுக்கு நிரல் என்றாலே அந்த நிறங்கள்தான் நினைவுக்கு வந்தன.

கருநிறமா வெண்ணிறமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: அறையின் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெளிச்சமான பின்னணியில் கண்ணின் பாவை சுருங்குவதால் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறது. வெண்ணிறப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளை மக்கள் சற்றுத் துல்லியமாகப் படிப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களில் பலருக்குக் கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் கசிந்து பரவியதைப் போலத் தெரியும். ஆனால் இருட்டிய அறையில் வெண்திரை கண்ணைக் கூச வைக்கும் என்பதும் உண்மையே. கருநிறத் தீம் என்பதை நிரலாளரின் அடையாளமாகக் கருதி, பகல் வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்யும் இளைஞர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலான எடிட்டர்கள் இன்று கணினியின் அமைப்பைப் பின்பற்றிப் பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாகத் தாமே மாறிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாட்டு விகிதம். இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டுதல், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தைக் கேட்கிறது. பல புகழ்பெற்ற தீம்கள் குறிப்புகளை மட்டும் வேண்டுமென்றே மங்கலாக்கிவிடுகின்றன. டிராகுலாவின் குறிப்பு நிறத்தை அதன் பின்னணியோடு வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3:1 தான் வருகிறது. நிரலை எழுதியவர் படிப்பவருக்கு மனிதமொழியில் சொல்லும் ஒரே இடம் குறிப்புதான். அதைப் படிக்க முடியாதபடி மங்கலாக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. குறிப்பு நிறத்தை மட்டும் சற்று வெளிச்சமாக்கிக்கொள்ள எல்லா நல்ல எடிட்டர்களும் வழி தருகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களிடையே குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அத்தகையோர் இந்த இரு நிறங்களை மட்டும் நம்பி வேறுபாடு காட்டும் தீம்களைத் தவிர்ப்பது நல்லது.

எழுத்துரு

நிரல் எழுத்துருக்களில் எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் கொண்டவை. சாதாரண எழுத்துருவில் ஆங்கிலத்தின் சிறிய ஐ ஒடுங்கியும் எம் அகன்றும் இருக்கும். நிரல் எழுத்துருவில் இரண்டும் ஒரே அளவு கட்டத்துக்குள் அடங்கும். தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் உருளை ஒரே தூரம் நகர்ந்ததிலிருந்து வந்த மரபு இது. ஐபிஎம் தட்டச்சுப் பொறிகளுக்காக ஹோவர்ட் கெட்லர் 1950-களில் வரைந்த கூரியர் இதற்குப் பழைய சான்று. கணினித் திரைகளும் ஒரே அளவுக் கட்டங்களாகத்தான் தொடங்கின. வரிக்கு 80 எழுத்து என்ற வழக்கம்கூட, 1928-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய துளை அட்டையின் 80 நெடுவரிசைகளை நினைவூட்டுவது. கட்டுப்பாடுகள் மறைந்த பிறகும் ஒரே அகலம் நீடிப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் எந்த வரி எதற்கு உட்பட்டது என்பதைத் தீர்மானிக்கிறது. கட்டங்கள் ஒரே அகலமாக இருந்தால் அந்த இடைவெளியைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

ஒரு நிரல் எழுத்துருவைச் சோதிக்க நீண்ட நேரம் தேவையில்லை. சுழியத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்து ஓவையும் அருகருகே தட்டுங்கள். பிறகு எண் ஒன்று, சிறிய எழுத்து எல், பெரிய எழுத்து ஐ மூன்றையும் அருகருகே தட்டுங்கள். தயங்காமல் பிரித்தறிய முடிகிறதா என்று பாருங்கள். நல்ல எழுத்துருக்கள் சுழியத்துக்குள் ஒரு புள்ளியையோ சாய்கோட்டையோ வைத்திருக்கும். எல் எழுத்தின் அடியில் வளைவைக் கொடுத்திருக்கும். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த கன்சோலாஸ், அடோபியின் சோர்ஸ் கோட் புரோ, மைக்ரோசாஃப்டின் கேஸ்கேடியா கோட், ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ ஆகியவை இந்தச் சோதனையில் தேறுபவை. கடைசியாகச் சொன்ன எழுத்துரு 2020-இல் வெளிவந்தது. சிறிய எழுத்துகளைச் சற்று உயரமாக வரைந்திருப்பதால், சிறிய அளவிலும் அது தெளிவாகத் தெரிகிறது. எழுத்துருவின் பெயரைவிட அளவும் வரி இடைவெளியும் கண்ணுக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம். அளவை இரண்டு புள்ளிகள் கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வேறு எழுத்துருவைத் தேடுங்கள்.

நிகிதா புரோகோபோவ் உருவாக்கிய ஃபிரா கோட் எழுத்துரு புகழ்பெறச் செய்த ஒரு வசதி, கூட்டெழுத்து. நீங்கள் != என்று இரு குறிகளைத் தட்டினால் திரையில் ≠ போன்ற ஒரே வடிவம் தெரியும்; -> என்று தட்டினால் ஒரு முழு அம்பு தெரியும். இங்கேயும் கோப்பில் இருப்பவை அதே இரண்டு குறிகள்தான்; பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் அம்பு உடைந்து ஒரு சிறு கோடு எஞ்சும். பார்க்க மிக அழகாக இருக்கும் இந்த வசதியைத் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு அணைத்து வைக்குமாறு சொல்வேன். எந்த விசைகளைத் தட்ட வேண்டும் என்று கை பழகுவதற்கு முன்பே கண்ணுக்கு வேறொரு வடிவத்தைக் காட்டுவது குழப்பத்தைத் தருகிறது.

தமிழில் குறிப்புகளோ மாறிப் பெயர்களோ எழுதுபவர்களுக்கு இன்னொரு செய்தி தேவைப்படும். மேலே சொன்ன நிரல் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தன் எழுத்துருவில் இல்லாத எழுத்தைக் கண்டதும் எடிட்டர் கணினியில் உள்ள வேறொரு எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. அது எதுவாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்: விஎஸ் கோடின் எழுத்துரு அமைப்பில் காற்புள்ளி இட்டுப் பல பெயர்களைத் தரலாம் என்பதால், முதலில் உங்கள் நிரல் எழுத்துருவையும் அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யூஐ போன்ற ஒன்றையும் எழுதிவிட்டால் போதும். ஆனாலும் தமிழ் எழுத்துகள் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. ‘ஔ’ கேட்கும் இடமும் ‘ர’ கேட்கும் இடமும் வேறு. தமிழ்ச் சொற்களுக்குப் பின்னால் வரும் சமக்குறிகளை நேர்க்கோட்டில் அடுக்க முயன்றால் அவை சற்றே விலகி நிற்கும். கட்டங்களை மட்டுமே நம்பி இயங்கும் சில டெர்மினல் நிரல்களில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் சாளரங்களில்) உயிர்மெய்க் குறிகள் இடம் மாறிச் சிதறுவதும் உண்டு.

ஒத்த வடிவங்களின் சிக்கல் ஆங்கிலத்தின் சுழியத்தோடும் ஓவோடும் முடிந்துவிடுவதில்லை என்பதை நான் ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்துக் கற்றேன். ஓராண்டில் எத்தனை முழுநிலவு நாள்கள் வருகின்றன என்று கணக்கிடும் சிறு நிரல் அது. விடை 12 அல்லது 13 என்று வர வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் 0 வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கூட்டும் வரி இப்படி இருந்தது:

பெளர்ணமி = பௌர்ணமி + 1

இடப்பக்கச் சொல்லும் வலப்பக்கச் சொல்லும் அன்று என் திரையில் துளியும் வேறுபாடின்றித் தெரிந்தன. ஆனால் வலப்பக்கத்தில் ‘ப’ எழுத்தை அடுத்து 3020 என்ற எண்ணுள்ள ஔகாரக் குறி ஒன்று இருக்கிறது. இடப்பக்கத்திலோ 3014 என்ற எகரக் குறியும், அதைத் தொடர்ந்து 2995 என்ற எண்ணுள்ள ‘ள’ என்ற தனி எழுத்தும் இருக்கின்றன. ஒன்று ஏழு குறிகள், மற்றது எட்டு. பைத்தான் அவற்றை இரண்டு வெவ்வேறு மாறிகளாக எடுத்துக்கொண்டு, கூட்டிய விடையை எட்டுக் குறியுள்ள மாறியில் சேமித்துக்கொண்டே போனது; நான் கடைசியில் அச்சிட்ட ஏழு குறியுள்ள மாறி தொடக்கத்தில் கொடுத்த 0 என்ற மதிப்பிலேயே நின்றது.

எத்தனை முறை படித்தும் கண்ணுக்கு அகப்படாத பிழையை எடிட்டர்தான் காட்டிக்கொடுத்தது. பெரும்பாலான எடிட்டர்களில் கர்சரை ஒரு சொல்லின் மேல் வைத்தால், அதே சொல் கோப்பில் வேறெங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மெல்லிய பின்னணி நிறம் தோன்றும். அச்சிடும் வரியில் இருந்த பௌர்ணமியின் மேல் கர்சரை வைத்தேன். முதல் வரியில் இருந்த பௌர்ணமி ஒளிர்ந்தது. கூட்டும் வரியின் வலப்பக்கத்தில் இருந்ததும் ஒளிர்ந்தது. அதற்கு நான்கைந்து கட்டங்கள் இடப்புறம் இருந்த சொல் மட்டும் நிறமில்லாமல் இருந்தது.